கறுப்புக் கட்டங்களுக்கு முன்னால்

'மாணவர்களுக்கு ஊக்கமில்லை' என்பதையும் 'விரிவுரையாளர்கள் களைத்துப்போனார்கள்' என்பதையும் இரண்டு வேறு முறைப்பாடுகளாகவே பேசி வருகிறோம். ஒன்றுக்கு அறிவுரை, மற்றதற்கு மனநல ஆலோசனை. இரண்டும் ஒரே அறுந்த கயிற்றின் இரு நுனிகள் என்றே எனக்குப் படுகிறது.

2020 மார்ச்சில் இலங்கைப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டு விரிவுரைகள் சூம் திரைக்குப் போயின. பல்கலைக்கழகத் தளங்களுக்கான இணையச் செலவு சிலகாலம் மாணவர்மீது விழாமல் பார்த்துக்கொண்டார்கள். நல்ல காரியம். ஆனால் செலவு மட்டுமா தடை? ஒரே அறையில் ஐந்துபேர் படுக்கும் வீட்டில் கமெராவைத் திறப்பதென்றால் அம்மாவின் அடுப்படியையும் சேர்த்துத்தான் காட்டவேண்டும். பிள்ளை மூடிவைத்தான். விரிவுரையாளர் பெயர் மட்டும் எழுதிய கறுப்புக் கட்டங்களைப் பார்த்து மணிக்கணக்காகக் கதைத்தார். 2022இல் எரிபொருள் இல்லாமல் வகுப்புகள் மறுபடி திரைக்குப் போனபோது மின்வெட்டும் சேர்ந்துகொண்டது.

முகத்தைக் காட்டு என்று அதட்ட ஆசிரியருக்கு உரிமை உண்டா? இல்லை என்பேன். தன் வறுமையை மறைப்பது ஒருவனுடைய உரிமை. அப்படியானால், காணாத அந்த முகத்தின் ஊக்கத்துக்கு ஆசிரியரைப் பொறுப்பாக்கலாமா? அதுவும் நியாயமில்லை.

நான் படிப்பை இடையில் விட்டுவந்து றெஸ்ரோறன்ற் குசினியில் நிற்பவன். சாப்பிடுபவரின் முகத்தை நாங்களும் காண்பதில்லை. ஆனால் கோப்பை திரும்பி வருகிறது. பாதி மிஞ்சி வந்தால் எங்கோ பிழைத்துவிட்டதென்று சமையற்காரருக்கு விளங்கும். பாணால் துடைத்து வந்தால் அவர் கரண்டி பிடிக்கிற விதமே வேறு. ஒரு கோப்பையும் திரும்பாத குசினியில் எவரும் அதிகநாள் மனம்வைத்துச் சமைக்கமாட்டார். வேலை கூடியதால் வந்த களைப்பை நித்திரைகொண்டு தீர்க்கலாம். செய்தது எங்கே போய்ச் சேர்ந்ததென்று தெரியாத களைப்புக்கு நித்திரை உதவாது.

தூரத்தைக் குற்றம் சொல்லவும் முடியாது. பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகம் 1971இல் முதல் மாணவர்களுக்குப் பி.பி.சி. வழியாகப் பாடம் ஒலி, ஒளிபரப்பியது. அதை மட்டும் நம்பி அது இருக்கவில்லை. மாணவர் அனுப்பிய ஒப்படைகளைப் போதனாசிரியர் ஒருவர் வாசித்து, குறிப்பெழுதித் திருப்பி அனுப்பினார். கோப்பை தபாலில் போய் வந்தது.

மாணவன் முகம் காட்டவேண்டாம். ஒரு மறுமொழிக்கு மட்டும் கடமைப்பட்டவன். 'சேர், கடைசியாச் சொன்னது விளங்கேல்லை' என்று எழுதினால் வீடு தெரியாது, காசும் பெரிதாய்ப் போகாது. அந்த வரியை எழுதவும் துணிவு வேண்டும் என்பது உண்மைதான். கேள்வி கேட்டவனைத் தலைக்கனம் பிடித்தவன் என்று குறித்துவைத்த பெருந்தகைகள் நேரடி வகுப்புகளிலேயே இருந்தார்கள். அவர்கள் இன்று கறுப்புக் கட்டங்களுக்காகத் துயரப்படும்போது எனக்கு முழு அனுதாபம் வர மறுக்கிறது. மற்றவர்களின் கஷ்டம் வேறு. 200 பேர் 200 வரி எழுதினால் வாசிக்க ஒருவர்தான். 2022க்குப் பின் நாட்டைவிட்டுப் போனவர்களின் பாடங்களையும் மிஞ்சியவர்களே சுமந்தார்கள். அந்த வரிகளை வாசிக்க இன்னும் இரண்டுபேரை நியமிப்பதென்றால் சம்பளம் கொடுக்கவேண்டும். மனநலக் கருத்தரங்குக்குத் தேநீரும் வடையும் போதும்.