கடிகாரம் இல்லாத ஏரி

“டைம் எடுக்கலன்னா எதுக்குடா அவ்வளவு தூரம் நீந்தணும்?” சூரிக் ஏரியை நீந்திக் கடக்கப் பேர் கொடுத்திருக்கிறேன் என்றதும் நண்பன் கேட்டது இது. கிண்டலாகத்தான் கேட்டான். ஆனாலும் கேள்வியில் நியாயம் இருக்கிறது. போட்டி இல்லாத இடத்தில் முயற்சிக்கு மதிப்பு உண்டா?

சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் கோடைக்காலத்தில் நடக்கும் நிகழ்ச்சி அது. மீத்தன்கே கரையில் இறங்கி, எதிரே டீஃபன்புருன்னன் கரையில் ஏற வேண்டும். தூரம் 1,500 மீட்டர். ஆயிரக்கணக்கானோர் நீந்துகிறார்கள். நேரம் குறிப்பதில்லை; முதலிடமும் இல்லை, கடைசி இடமும் இல்லை. ஒரு பருவம் அங்கே படிக்கப் போயிருந்த நானும் இறங்கினேன்.

நீச்சல் குளத்தில் அடியில் கறுப்புக் கோடு இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே போகலாம். ஏரியில் அது கிடையாது. சில வீச்சுக்கு ஒருமுறை தலையைத் தூக்கி, எதிர்க்கரையில் ஓர் அடையாளத்தைப் பார்த்துத் திசையைச் சரிசெய்ய வேண்டும். பக்கத்தில் நீந்துபவரையே பார்த்துப் போனால், அவர் விலகும்போது நாமும் விலகிப்போவோம். நம் வீடுகளில் எஸ்பிஎம் முடிவு வந்ததும் “அவங்க பையனுக்கு எத்தனை ஏ?” என்று கேட்கிறார்களே, அதுவும் இப்படித்தான். பக்கத்து வீட்டைப் பார்க்கிறோம், கரையைப் பார்ப்பதில்லை.

ஒப்பீடு இல்லாவிட்டால் தரம் குறைந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். எங்கள் பட்டறையில் ‘கோ, நோ-கோ’ கேஜ் என்று ஒரு கருவி உண்டு. துளைக்குள் அதன் ஒரு முனை போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. எந்தத் துளைக்கு முதல் பரிசு என்று அது சொல்லாது. ஆனால் அளவு தவறினால் விடாது. தரம் வேறு, வரிசை வேறு. ஏரியும் யாருக்காகவும் 1,500 மீட்டரைக் குறைத்துக்கொள்ளவில்லை.

இது நமக்குப் புதிதும் அல்ல. தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளில் காவடியோடு ஏறுபவரிடம் “எத்தனையாவதா வந்தீங்க?” என்று யாரும் கேட்பதில்லை. அங்கேயும் யார் காவடி பெரிசு என்று பார்க்க ஆரம்பித்தால், நேர்த்திக்கடன் காட்சிப் பொருளாகிவிடும்.

அப்படியானால் போட்டியே வேண்டாமா? இந்த இடத்தில் கீதை என்னை நிறுத்துகிறது. பலனில் பற்று வைக்காமல் செயல்படு என்று கண்ணன் சொன்னது அமைதியான ஆசிரமத்தில் அல்ல. வெற்றி தோல்வியே எல்லாம் என்று இருந்த போர்க்களத்தில். அர்ச்சுனனைக் களத்தை விட்டுப் போகச் சொல்லவில்லை. களத்தில் நின்றுகொண்டே மனத்தைச் சமமாக வைக்கச் சொன்னார்.

ஏரியின் நடுவில் ஓர் அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு மிதந்தார். மீட்புப் படகு வரும்வரை நானும் இன்னொருவரும் பக்கத்திலேயே மிதந்து பேச்சுக் கொடுத்தோம். நல்ல காரியம்தான். ஆனால் எங்களுக்கு அதில் எந்த இழப்பும் இல்லை. கடிகாரம் ஓடாத இடத்தில் இரக்கம் மலிவு.

பல்கலைக்கழகத்தில் அப்படி இல்லை. சில பாடங்களில் வகுப்பு முழுவதையும் ஒப்பிட்டுத்தான் கிரேடு போடுகிறார்கள். பரீட்சைக்கு முந்தின இரவு ஒரு நண்பன் வந்து, “இந்தக் கணக்கு புரியலடா, சொல்லிக் கொடு” என்று கேட்கிறான். அவன் மேலே போனால் நான் ஒரு படி கீழே இறங்கலாம். பற்றில்லாத செயல் என்று நாம் பேசுவது உண்மையா என்பது அந்த இரவில்தான் தெரியும். போட்டி இல்லாத நீச்சல் அதற்கான பயிற்சி. நண்பனுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, நோட்டைத் திறக்கிறோமா என்பதுதான் பரீட்சை.