கொள்கைப் பற்றும் தூய்மைச் சோதனையும்

ஓர் இயக்கத்துக்குக் கொள்கை உறுதி வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்றே எவரும் விடையிறுப்பர். கொள்கையற்ற கட்சி சந்தைக் கூட்டத்துக்கு நிகரானது. வந்த காரியம் முடிந்ததும் கலைந்துவிடும். இதில் நமக்குள் கருத்து வேற்றுமை இல்லை. ஐயம் எழுவது அடுத்த படியில்தான். 'கொள்கையை நானும் ஏற்கிறேன். ஆயினும் இந்த வேகம் ஆகாது, இந்த வழி உதவாது, இந்தக் கோரிக்கை இன்று கைகூடாது' என்று உள்ளிருந்தே ஒருவர் சொல்கிறார். அவரை என்ன செய்வது? அவர் கொள்கையில் இளைத்தவரா, அல்லது கொள்கையின்மீது அக்கறை கொண்டவரா? மிதவாதி என்று பெயர் சூட்டி அவரை அகற்றிவிட்டால் இயக்கம் தூய்மை பெறுகிறதா, அல்லது குறைபட்டுப் போகிறதா?

இஃது அரசியல்வாதிகள் மட்டும் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா அன்று. சங்கம், ஜமாஅத், மதரஸா நிர்வாகம், குடும்பம் என நாலு பேர் ஒரு நோக்கத்துக்காகக் கூடும் இடமெல்லாம் இவ்வினா எழும். ஆயினும் அரசியலில்தான் இதன் விளைவு ஊரறியத் தெரிகிறது. அதைக் காண நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. மதுரை மாநகரம் கடந்த எழுபது ஆண்டுகளில் கண்டவையே போதிய பாடமாகும்.

விலகியவரும் விலகாத உண்மையும்

1961 ஜூலையில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் மூன்றாவது மாநில மாநாடு மதுரையில் நடைபெற்றது. கழகத்தைத் தோற்றுவித்த ஐம்பெருந் தலைவர்களுள் ஒருவரான ஈ.வெ.கி. சம்பத் அப்பந்தலில் இல்லை. மூன்று திங்களுக்கு முன்னரே, ஏப்ரலில், அவர் விலகிச் சென்று தமிழ்த் தேசியக் கட்சியைத் தொடங்கியிருந்தார். கவிஞர் கண்ணதாசனும் அவருடன் சென்றார்.

விலகலுக்குக் காரணங்கள் பல. கட்சிக்குள் நிகழ்ந்த கைகலப்பும், திரைப்படத் துறையினரின் செல்வாக்கும், தலைமையைப் பற்றிய மனத்தாங்கலும் அவற்றுள் அடங்கும். ஆனால் அவர் எழுப்பிய கருத்து ஒன்று தனியே நிற்கிறது. 1956 நவம்பரில் மொழிவழி மாநிலங்கள் அமைந்துவிட்டன. ஆந்திரரும் கன்னடரும் கேரளரும் கேட்காத ஒரு திராவிட நாட்டை அவர்கள் பெயராலும் சேர்த்துக் கேட்பது நடைமுறைக்கு ஒவ்வாது. தமிழகத்தின் உரிமையைப் பேசுவதே பொருந்தும் என்பது அக்கருத்து. கட்சியை உடைத்தவர் என்ற பழிதான் அவருக்குக் கிடைத்தது. 1962 பொதுத்தேர்தலில் கழகம் சட்டமன்றத்தில் 50 இடங்களைப் பெற்றது. சம்பத்தின் கட்சிக்கு ஓர் இடமும் கிட்டவில்லை. வாதத்தில் யார் வென்றார் என்பதை வாக்குச்சாவடி முடித்துவிட்டதாகவே அன்று பலரும் எண்ணியிருப்பர்.

அடுத்து நிகழ்ந்ததைப் பாருங்கள். 1962 அக்டோபரில் சீனப் போர் மூண்டது. 1963-இல் அரசியல் சட்டத்தின் 16-ஆவது திருத்தம் வந்தது. நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதிமொழி எடுக்காதவர் தேர்தலில் நிற்க இயலாது என்றாயிற்று. அவ்வாண்டு நவம்பரில் கழகம் திராவிட நாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டது. கோரிக்கையை விட்டாலும் அதற்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்று அறிஞர் அண்ணா விளக்கம் தந்தார்.

சம்பத் கண்ட காரணமும் அண்ணா கண்ட காரணமும் ஒன்றல்ல. ஒருவர் மக்கள் மனநிலையைச் சுட்டினார். மற்றவர் சட்டத்தின் நெருக்கடியைச் சுட்டினார். எனினும் இரண்டே ஆண்டுகளில் கழகம் வந்து சேர்ந்த இடம், விலகிச் சென்றவர் முன்னமே நின்று கைகாட்டிய இடத்துக்கு வெகு அருகில் இருந்தது. சொன்னவர் வெளியேறினார்; சொன்ன செய்தி வெளியேறவில்லை. வீட்டுக்குள்ளேயே காத்திருந்து, நெருக்கடி வந்த நாளில் எதிரே வந்து நின்றது. விரும்பி ஏற்றிருக்கக்கூடிய மாற்றத்தை வேறுவழியின்றி ஏற்க நேர்ந்தது.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. சம்பத்தை எவரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. அவரே பதவி துறந்து சென்றார். 1964-இல் தம் கட்சியைக் காங்கிரசுடன் இணைத்தார். 'பார்த்தீர்களா, இவர் போய்ச் சேர்ந்த இடத்தை' என்று பழைய தோழர்கள் சொல்ல அது வசதியாயிற்று. அவர்கள் சொல்லில் ஒரு பங்கு நியாயம் உண்டு. உள்ளே நின்று வாதாடுவதற்கு வேண்டிய பொறுமையை இழந்த மிதவாதி, தன் கருத்தைக் காப்பாற்ற எதிர்த்தரப்பின் கூரைக்குக் கீழேயே ஒதுங்க நேர்கிறது. அப்போது அவன் சொன்ன உண்மையும் எதிரியின் சொல்லாகக் கேட்கப்படுகிறது.

ஒரு கொடி பலவானது

1953 டிசம்பர் இறுதியில் தொடங்கி 1954 ஜனவரி வரை இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் மூன்றாவது அகில இந்திய மாநாடு மதுரையில் நடைபெற்றது. அன்று கட்சி ஒன்றே. சிறையிலிருந்தவாறே 1952-இல் மதுரை வடக்கில் வென்ற பி. ராமமூர்த்தி, 1957-இல் மதுரையின் நாடாளுமன்ற உறுப்பினரான பாரிஸ்டர் கே.டி.கே. தங்கமணி, அமெரிக்கன் கல்லூரிப் படிப்பு முடியுமுன் சிறை புகுந்த என். சங்கரய்யா, நாடக மேடையிலிருந்து பொதுவாழ்வுக்கு வந்த கே.பி. ஜானகி அம்மாள் ஆகிய அனைவரும் ஒரே கொடியின்கீழ் நின்றனர்.

1964 ஏப்ரல் 11 அன்று கட்சியின் தேசியக் குழுவிலிருந்து 32 பேர் வெளிநடப்புச் செய்தனர். ராமமூர்த்தியும் சங்கரய்யாவும் அவர்களுள் அடங்குவர். காங்கிரஸ் ஆட்சியை எவ்வாறு மதிப்பது, சீனப் போரை எவ்வாறு காண்பது, சோவியத்துக்கும் சீனத்துக்கும் இடையிலான பூசலில் எங்கே நிற்பது என்பவை பிளவின் காரணங்கள். எஸ்.ஏ. டாங்கே தலைமையில் நின்றவர்கள்மீது வெளியேறியோர் சாட்டிய குற்றம் 'திருத்தல்வாதம்'. தங்கமணி பழைய கட்சியிலேயே நின்றார். 1970-இல் சி.ஐ.டி.யு. உருவானபோது பிளவு தொழிற்சங்கத்துக்கும் இறங்கியது. ராமமூர்த்தி அதன் முதற் பொதுச்செயலாளரானார்; தங்கமணி ஏ.ஐ.டி.யு.சி.யில் இருந்தார். இரு தரப்பிலும் நின்றவர்கள் சிறை கண்டவர்கள், தன்னலமற்றவர்கள். இவர்களுள் எவரையும் கொள்கையற்றவர் என்று சொல்ல நமக்கு மனம் வராது.

முதற் கதையில் மிதவாதி வெளியேறினார்; இங்கே தீவிரம் கோரியவர்கள் வெளியேறினர். ஆனால் கேள்வி ஒன்றே. வெளியேறிய பின் தூய்மை கைகூடியதா?

1967 தேர்தலில் மார்க்சிஸ்ட் கட்சி தி.மு.க. அணியில் இடம்பெற்றது. அதே அணியில் ராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் இருந்தது. காயிதே மில்லத் அவர்களின் முஸ்லிம் லீக்கும் இருந்தது. ராமமூர்த்தி மதுரையிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். சங்கரய்யா மதுரை மேற்கிலும் ஜானகி அம்மாள் மதுரை கிழக்கிலும் வென்றனர். 1971-இல் அதே மதுரை மேற்கு, தங்கமணியைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. பொதுவுடைமையைக் கடுமையாக எதிர்த்த சுதந்திராவோடு ஓரணியில் நின்றதை நாம் குறையாகச் சொல்லவில்லை. தேர்தல் களம் அத்தகைய உடன்பாடுகளைக் கேட்கிறது. மக்களும் அதை ஏற்றனர். ஆனால் 1964-இல் தோழரை அளந்த கோலால் 1967-இல் தம்மை அளந்துகொள்ள எவராலும் இயலாது என்பதைக் குறிக்காமல் இருக்க முடியவில்லை.

கதை அங்கேயும் முடியவில்லை. 1967 மே மாதம் வங்காளத்தின் நக்சல்பாரியில் உழவர் எழுச்சி மூண்டது. மார்க்சிஸ்ட் கட்சியே திருத்தல்வாதத்தில் விழுந்துவிட்டது என்று அதனுள்ளிருந்தே குரல் எழுந்தது. 1964-இல் வெளிநடப்புச் செய்த 32 பேரில் ஒருவரான ஆந்திரத்தின் நாகி ரெட்டி, 1968-இல் அக்கட்சியோடும் முறித்துக்கொண்டார். 1969 ஏப்ரலில் மார்க்சிஸ்ட் லெனினிஸ்ட் கட்சி தோன்றியது. சில ஆண்டுகளில் அதுவும் பல துண்டுகளாயிற்று. நேற்று பிறர்மீது எறிந்த சொல்லே இன்று எறிந்தவர்மீது வந்து விழுந்தது. தூய்மைப் படிக்கட்டுக்குக் கடைசிப் படி என்று ஒன்று கிடையாது. ஒரு படி மேலே நிற்பவனுக்குக் கீழே நிற்பவரெல்லாம் மிதவாதிகளே.

2025 ஏப்ரலில் மார்க்சிஸ்ட் கட்சியின் 24-ஆவது அகில இந்திய மாநாடு மதுரைத் தமுக்கத்தில் நடந்தது. தொடக்க நாளில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் து. ராஜாவும், மா-லெ விடுதலைக் கட்சியின் தீபங்கர் பட்டாச்சார்யாவும் அம்மேடையில் வாழ்த்திப் பேசினர். ஒருவரையொருவர் திருத்தல்வாதி என்று ஒதுக்கிய மூன்று மரபுகள் ஒரே மேடையில் நின்றன. ராமமூர்த்தி 1987-இலும், தங்கமணி 2001-இலும், சங்கரய்யா 2023-இலும் மறைந்துவிட்டனர். ஒன்றாய் அமர்ந்து பேசியிருக்க வேண்டியவர்கள் போன பின்னர் நாற்காலிகள் அருகருகே போடப்பட்டன.

ஸிஃப்பீன் களத்தில்

இப்படிக்கட்டு நம் வரலாற்றுக்குப் புதிதன்று. ஹிஜ்ரி 37-இல், அதாவது கி.பி. 657-இல், ஸிஃப்பீன் களத்தில் ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்கள் நடுவர் தீர்ப்புக்கு இசைந்தபோது, அவர்களுடைய படையிலிருந்தே ஒரு கூட்டம் பிரிந்தது. தீர்ப்பு இறைவனுக்கே உரியது. மனிதரை நடுவராக்கியது பாவம் என்பது அவர்கள் முழக்கம். வரலாறு அவர்களைக் காரிஜிகள் என்று குறிக்கிறது. வணக்கத்தில் அவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் தம்மோடு உடன்படாதவரை ஈமானுக்கு வெளியே தள்ளினார்கள். பின்னர் வாளையும் உருவினார்கள்.

இங்கே நம் சிந்தனைக்குரியது, அலீ (ரலி) அவர்கள் நடந்துகொண்ட முறையாகும். அம்முழக்கத்தின் சொல் மெய்யானதே, அதைக் கொண்டு நாடப்படும் நோக்கமே தவறானது என்று அவர்கள் சுட்டிக்காட்டினார்கள். போர் தொடங்காதவரை அக்கூட்டத்தாருக்குப் பள்ளிவாசல் மறுக்கப்படாது. அவர்களுக்குரிய பங்கும் நிறுத்தப்படாது என்று அறிவித்ததாக வரலாற்றாசிரியர் குறிப்பிடுவர். வாள் எடுத்து உயிர் பறித்த பின்னரே நஹ்ரவானில் போர் நிகழ்ந்தது. கி.பி. 661-இல் அவர்களுள் ஒருவனின் கையாலேயே அலீ (ரலி) அவர்கள் ஷஹீதானார்கள்.

பின்னர் காரிஜிகளும் தமக்குள் பிரிந்தனர். மிகக் கடுமையான பிரிவாகிய அஸாரிக்காக்கள் போர்களில் அழிந்து மறைந்தனர். ஏனைய முஸ்லிம்களோடு கலந்து வாழ இசைந்த, மிதமான இபாளிகளே இன்றளவும் ஓமானில் நிலைத்திருக்கின்றனர்.

செயலை அளப்பதும் ஆளை அளப்பதும்

இவற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்வது என்ன? கொள்கைப் பற்று வேறு, தூய்மைச் சோதனை வேறு. கொள்கைப் பற்று செயலை அளக்கிறது: இது முறையா, இது பயன் தருமா, இதனால் யாருக்குத் தீங்கு என்று கேட்கிறது. தூய்மைச் சோதனை ஆளை அளக்கிறது: நீ நம்மவனா, எவ்வளவு நம்மவன், இன்னும் எத்தனை முறை அதை மெய்ப்பிப்பாய் என்று கேட்கிறது. முன்னது விடை கிடைத்ததும் அமைதியுறும். பின்னதற்கு எந்த விடையும் போதாது.

அப்படியாயின் எல்லைக்கோடே வேண்டாமா என்று சிலர் கேட்கலாம். வேண்டும். விலைக்குப் போனவனையும், மக்களைக் காட்டிக் கொடுத்தவனையும், வன்முறையில் இறங்கியவனையும் மிதவாதி என்ற போர்வையில் வைத்துக்கொள்ளுமாறு நாம் சொல்லவில்லை. அவை செயல்கள், அவற்றுக்குத் தீர்ப்பு உண்டு. ஆனால் 'இது கைகூடாது' என்பது ஒரு கருத்து. அதற்குரிய மறுமொழி, கைகூடும் என்று காட்டுவதே. சொன்னவனின் விசுவாசத்தைச் சோதிப்பதன்று.

மிதவாதிக்கும் கடமை உண்டு. தன் நிதானத்தையே பெருமையாக எண்ணி, தன்னை மதிக்காத சபை தனக்கு எதற்கு என்று எழுந்து போவது எளிது. அவன் போன பின் சபையில் எஞ்சுவது ஒரே சுருதி. அங்கே உரத்துப் பேசுபவனே உறுதியானவன் எனப்படுவான். ஐயமுள்ளவர்கள் வாய் திறக்க அஞ்சுவார்கள். மனச்சான்றுக்கு மாறாகக் கைதூக்கச் சொல்லி நெருக்கும் நாள் வரும்வரை உள்ளே நின்று பேசுவதே அவனுக்கு அழகு. அந்நாள் வந்தால் அவன் போகட்டும். போகும்போது வீட்டைத் தூற்றாமல் போகட்டும்.

இருப்பவர்களும் அவ்வாறே அவனை வழியனுப்பக் கற்க வேண்டும். பிளவுபட்ட கட்சிகள் ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்குப் பின் ஒரே மேடைக்குத் திரும்ப முடிந்திருக்கிறது. ஆனால் பிளவின் பெயரால் ஸலாம் சொல்வதை நிறுத்திக்கொண்ட வீடுகள், பெண் கொடுத்து எடுத்த உறவை முறித்துக்கொண்ட வீடுகள், ஜனாஸாவுக்குச் செல்லாது நின்ற வீடுகள் நம் மஹல்லாக்களிலும் உண்டு. அவர்களுக்கு எந்த மாநாட்டு மேடை உதவும்? கருத்து மாறுபட்டவனுக்கும் பள்ளிவாசல் கதவை அடைக்காதிருந்த கலீபாவின் நடைமுறையை நாம் பெருமையுடன் பேசுகிறோம். அப்பெருமைக்கு நாம் உரியவர்கள்தாமா என்பது, அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் 'இது சரியாக வராது' என்று ஒருவர் எழுந்து சொல்லும்போது, அவரை முழுமையாகப் பேச விடுகிறோமா என்பதில் தெரிந்துவிடும்.