கயிற்றின் இந்தப் பக்கம்

கோடைக்கால ஆராய்ச்சிப் பயிற்சிக்கான அறிவிப்புகளை வரிசையாகப் படித்துக்கொண்டு போனால், பெரும்பாலானவை பி.இ. மூன்றாம் ஆண்டு மாணவர்களைத்தான் கூப்பிடுகின்றன. கனடாவின் மிட்டாக்ஸ் குளோபலிங்க்கூட இளநிலை மாணவர்களுக்கானது. அதைத் தாண்டினால் பிஎச்.டி. பிரதமர் பெயரிலான ஆராய்ச்சி உதவித்தொகையை 2018இல் அறிவித்தபோது முதல் இரண்டாண்டுக்கு மாதம் 70,000 ரூபாய் என்றார்கள். ஜே.ஆர்.எஃப். ஆகச் சேருகிறவருக்கு 2023 ஜனவரியிலிருந்து 37,000. நடுவில் இருக்கிற எம்.இ. மாணவன், ஏற்கெனவே ஒரு கல்லூரியில் ஒரு வழிகாட்டியிடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருப்பதாகக் கணக்கு.

தாளில் பார்த்தால் கணக்கு சரிதான். ப்ராஜெக்ட் ஃபேஸ் ஒன்று, ஃபேஸ் இரண்டு என்று பாடத்திட்டத்தில் இருக்கிறது. என் வகுப்பில் பலருக்கு அது ஆன்சிஸில் ஒரு பாகத்தை வரைந்து, அழுத்தம் கொடுத்து, சிவப்பும் நீலமும் வரவைப்பது. வண்ணம் வந்துவிட்டால் வைவா முடிந்துவிடும். அந்த வண்ணம் உண்மையான இரும்போடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க இயந்திரம் வேண்டும், நேரம் வேண்டும், கேட்க ஒருவர் வேண்டும். மூன்றாவதுதான் கிடைப்பதில்லை.

*

கேட் தேர்வில் தகுதி பெற்றுச் சேர்ந்தவனுக்கு ஏஐசிடிஇ மாதம் 12,400 ரூபாய் தருகிறது. மாநில நுழைவுத்தேர்வு எழுதிச் சேர்ந்தவனுக்கு அது கிடையாது. இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பாடத்தைப் படிக்கிறார்கள். சனி, ஞாயிறுகளில் ஒருவன் நூலகத்துக்குப் போகிறான், இன்னொருவன் டியூஷன் எடுக்கப் போகிறான். ஆய்வில் ஆர்வம் யாருக்கு அதிகம் என்று பிறகு வருகைப்பதிவேட்டை வைத்து முடிவு செய்கிறார்கள்.

*

எங்கள் ஊர் வெம்பாக்கம் காஞ்சிபுரத்துக்கும் செய்யாற்றுக்கும் நடுவில் இருக்கிறது. பட்டுக்கு ஒரு கை காஞ்சிபுரத்தைப் பார்க்கும், ஒரு கை ஆரணியைப் பார்க்கும். எங்கள் வீட்டுத் தறிக்கு நூலும் ஜரிகையும் ஆரணியிலிருந்து வருகின்றன. நெய்து கொடுத்தால் கூலி. காலையில் சிப்காட் ஷூ கம்பெனி பஸ் வந்து நின்றதும் தெருவில் பாதிப் பேர் அதில் ஏறிவிடுகிறார்கள். அவர்களில் பலர் வீட்டுத் தறிக்குழியில் இப்போது பழைய சாமான்கள் கிடக்கின்றன.

மழை வந்தால் பாவு நீட்டத் தெரு கிடைக்காது. தறியில் ஏற்கெனவே ஏறியிருக்கும் பாவும் அன்று வேறு மாதிரி நடந்துகொள்ளும். பட்டு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கிற நார். சாதாரண நாளிலேயே எடையில் சுமார் 11 சதவீதம் ஈரம் இருக்கும். நன்றாக நனைந்தால் வலுவில் சுமார் 15 சதவீதம் போய்விடும் என்று புத்தகம் சொல்கிறது. அப்பா அச்சுக்கு முன்னால் உள்ளங்கையை நூல்மேல் பரப்பி ஒரு நொடி வைப்பார்.

“ஈரக்காத்து. கொஞ்சம் தளர்த்து.”

எவ்வளவு கொஞ்சம் என்பதுதான் நான் கேட்க விரும்பும் கேள்வி. இழை அறுவதற்கு முன் கை எதைத் தெரிந்துகொள்கிறது? இதை ஆய்வுத் தலைப்பாக எழுதிக் கொடுத்தபோது, இன்னும் ‘அட்வான்ஸ்டாக’ ஏதாவது கொண்டு வரச் சொன்னார்கள்.

*

பயிற்சி இடம் கேட்டு அனுப்பும் மெயில்கள். ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று தொடங்கி, நான் கடின உழைப்பாளி, உங்கள் ஆய்வுத்துறையில் பேரார்வம் கொண்டவன் என்று போய், இணைப்பில் பயோடேட்டா என்று முடியும். எல்லா மாணவர்களும் இதையேதான் அனுப்புகிறார்கள். ஒரு பேராசிரியருக்குக் காலையில் இப்படி எத்தனை வரும் என்று நினைத்துப் பார்த்தால் பதில் வராததில் கோபம் வருவதில்லை. அப்படியும் இரவில் படுக்கப் போகும்முன் ஒருமுறை போனைத் திறந்து பார்க்கிறேன். பதில் வந்தால், அறிவிப்பு வரும்போது முறைப்படி விண்ணப்பிக்கவும் என்று இருக்கும். முறைப்படி என்றால் போனஃபைடு, துறைத்தலைவர் கையெழுத்து, ஆட்சேபணை இல்லை என்று கல்லூரி தரும் கடிதம். அந்தக் கடிதம் கைக்கு வருவதற்குள் கடைசித் தேதி போய்விடும்.

*

ராமானுஜன் சிறுவயதில் கொஞ்சகாலம் காஞ்சிபுரத்தில் இருந்தவர். தாய்வழித் தாத்தாவுக்கு அங்கே கோர்ட்டில் வேலை. பஸ் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது சில நாள் அவர் ஞாபகம் வரும். மேதைமைக்காக இல்லை, கடிதத்துக்காக. கேம்பிரிட்ஜில் பேக்கருக்கும் ஹாப்சனுக்கும் எழுதியவை பயன்படவில்லை. 1913 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதினார். தான் சென்னைத் துறைமுகக் கழகத்தில் குமாஸ்தா என்பதைச் சொல்லிவிட்டு உடனே கணக்குக்குள் போய்விட்டார். அப்போது சம்பளம் மாதம் 30 ரூபாய்.

ஹார்டியின் பதிலில் எனக்குப் பிடித்தது பாராட்டு இல்லை. நிரூபணங்களை அனுப்பு என்று அவர் கேட்டது. பிறகு சென்னைப் பல்கலைக்கழகம் பட்டம் இல்லாத ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தரவேண்டும் என்ற நிபந்தனையோடுதான். முன்னேற்ற அறிக்கையை அவரையே எழுத வைத்த நாடு நம்முடையது. என் வழிகாட்டி கேட்கும் ரிவ்யூ பிபிடியைப் பற்றி இனிக் குறைசொல்லக் கூடாது.

*

படிக்க வேண்டிய கட்டுரைகள் பூட்டிக் கிடக்கின்றன. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், சுமார் 13,000 இதழ்கள். பயன் அரசு நிறுவனங்களுக்கு. தமிழ்நாட்டில் பொறியியல் படிக்கிறவர்களில் பெரும்பாலோர் தனியார் கல்லூரிகளில் இருக்கிறோம். அரசுக் கல்லூரி நண்பனிடம் சுட்டியை அனுப்பினால் பத்து நிமிடத்தில் கோப்பு வந்துவிடுகிறது. அந்த நண்பனுக்கு நன்றியுரையில் ஒரு வரி உண்டு.

*

பெரியப்பா ஊருக்கு வந்தால் சிந்தகிண்டி மல்லேசத்தைப் பற்றிப் பேசாமல் போகமாட்டார். தெலங்கானாவில் போச்சம்பள்ளிச் சேலைக்கு நூலைக் கொக்கிகளில் சுற்றும் ஆசு வேலையால் அம்மாவின் தோள் படும் பாட்டைப் பார்த்து அதற்கு இயந்திரம் செய்தவர். 1999இல் அது முழுமையானது, 2017இல் பத்மஸ்ரீ. “ஆறாவதுதான் படிச்சாரு. நீ இன்னாடா எம்.இ. படிச்சிட்டு எடமில்ல, எடமில்லன்ற?”

பெரியப்பாவுக்குப் பதில் சொல்வதில்லை. மனதுக்குள் மட்டும் ஒத்துக்கொள்ளாமல் இருக்கிறேன். அந்த இயந்திரம் நிற்பதற்குப் பல வருடம் ஆனது. கையில் பணமில்லாமல், கேட்க ஆளில்லாமல், கிறுக்கன் என்று பேர் வாங்கிக்கொண்டு ஒருவர் செய்ததை, மற்ற எல்லோரும் அப்படியே செய்யலாம் என்பதற்குச் சாட்சியாக வைப்பது நியாயமில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் பெரியப்பா சொல்வது சரி. மல்லேசத்துக்குக் கேள்வி வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

*

மாமண்டூர் ஏரி எங்கள் தாலுகாதான். பல்லவர் காலத்தது, சித்திரமேகத் தடாகம் என்று கல்வெட்டுப் பெயர். பக்கத்துக் குன்றில் மகேந்திரவர்மன் குடைவரைகள். கரையை எந்தச் சரிவில் கட்டினால் நிற்கும், மதகை எங்கே வைத்தால் கடைசி வயலுக்கும் தண்ணீர் போகும் என்று கண்டுபிடித்தவர் பெயர் எங்கும் இல்லை. கட்டுரையில் பெயர் வரிசை பற்றி எங்கள் லேபில் நடக்கும் சண்டையை நினைத்தால் அந்தக் கரையில் சிரிப்பு வருகிறது.

*

குழித்தறியில் பாவின் கடைசியில் ஒரு கயிறு. அது தறிக்குப் பின்னாலிருக்கும் கட்டையை அரைச்சுற்றுச் சுற்றித் திரும்பி, நெய்கிறவர் கைக்கு எட்டும் முளையில் வந்து கட்டப்பட்டிருக்கும். எழுந்து போகாமலே பாவை விடவும் இழுக்கவும் செய்த ஏற்பாடு. முளைக்குப் பக்கத்தில் கயிற்றோடு ஒரு லோடுசெல்லைக் கோத்து லேப்டாப்பில் எண் பார்ப்பது என் யோசனை. கட்டுவதற்கு முன்னாலேயே அப்பா தடுத்தார்.

“கயித்துல பாக்காத. நூல்ல பாரு. அந்தப் பக்கம் இருக்கறது இந்தப் பக்கம் வராது.”

ஆய்லர் எழுதிய சமன்பாடு அதையேதான் சொல்கிறது. கட்டையைச் சுற்றிய கயிற்றின் இரு பக்க இழுவையும் சமமாக இருப்பதில்லை. உராய்வுக் கெழு 0.3 என்று வைத்தால், அரைச்சுற்றுக்கே ஒரு பக்கம் மற்றதைப் போல இரண்டரை மடங்கு வரை போகலாம். எந்தப் பக்கம் அதிகம் என்பது கடைசியாகக் கயிற்றை இறுக்கினோமா தளர்த்தினோமா என்பதைப் பொறுத்தது. ஆகவே முளையில் ஒரே எண் காட்டும்போது நூல் ஒரு நாள் தொய்ந்திருக்கும், ஒரு நாள் அறுந்துபோகும் நிலையில் இருக்கும். அப்பா ஆய்லரைப் படித்ததில்லை. தறியில் உட்கார்ந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது.

லோடுசெல் இப்போது கட்டைக்கு அந்தப் பக்கம், பாவோடு சேர்ந்து இருக்கிறது.

*

மெயிலை மாற்றி எழுதினேன். கடின உழைப்பாளி, பேரார்வம் இரண்டையும் எடுத்துவிட்டேன். கட்டையின் இரண்டு பக்கமும் லோடுசெல்லை மாற்றி மாற்றி வைத்து எடுத்த அளவுகளின் வரைபடம் ஒன்று, அன்றைய காற்றின் ஈரம், கீழே கேள்வி. பயோடேட்டா இணைக்கவில்லை. அது துணிச்சலா, அசதியா என்று தெரியவில்லை.

பெரும்பாலானவர்களிடமிருந்து வழக்கம்போல ஒன்றும் வரவில்லை. வடக்கே ஒரு நிறுவனத்திலிருந்து நான்கு வரிப் பதில் வந்தது. இந்த ஆண்டு இடமில்லை, பணமும் இல்லை. அதற்குக் கீழே: கயிறு பருத்தியா, நைலானா? கட்டை எந்த மரம்? இந்த அளவுகள் இறுக்கியபின் எடுத்தவையா, தளர்த்தியபின் எடுத்தவையா?

வேப்பமரம். நைலான். எடுத்தவை எல்லாம் இறுக்கியபின். தளர்த்தி எடுக்கத் தறி ஒரு நாள் முழுக்க நிற்க வேண்டும், அன்றைய கூலி போகும். அப்பாவிடம் எப்படிக் கேட்பது என்று இரண்டு நாள் ஒத்திப்போட்டுவிட்டுச் சாப்பிடும்போது கேட்டேன்.

“வெள்ளிக்கெழம இந்தப் பொடவைய அறுத்துக் குடுத்துடறேன். பாவுல இன்னும் ரெண்டு பொடவைக்கு நூல் கெடக்குது. சனிக்கெழம நீ வெச்சுக்க,” என்றார். கை கழுவப் போனவர் திரும்பி, “இழ அறுந்தா நீயே புணைக்கணும்,” என்றார்.