சிகிச்சை தருவோருக்கும் ஆறுதல் வேண்டும்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ.வின் வீரர்களில் 2002 முதல் 2022 வரை 128 பேர் தற்கொலையால் இறந்ததாக 2024இல் வெளியான ஆய்வு சொல்கிறது. மொத்த மரணங்களில் தற்கொலையின் பங்கு முதல் பத்தாண்டில் 7.6 சதவீதம், அடுத்த பத்தாண்டில் 15.3. இத்தகைய இழப்பில் குடும்பத்தாரும் சக வீரர்களும்தான் முதலில் நினைவுக்கு வருவார்கள், அது நியாயமே. ஆனால் இறந்த மாணவரின் காயத்தை அன்றாடம் கவனித்த மருத்துவரும் சிகிச்சையாளரும் துக்கத்தை விழுங்கிக்கொண்டு, அதே அணியின் மற்ற வீரர்களுக்குக் கட்டுப் போட வேண்டியிருக்கிறது.

‘மருத்துவத் துறையினருக்கு மரணம் பழகியதுதானே?’ என்று கேட்கலாம். மூட்டுக் காயமும் தசைப்பிடிப்பும் பார்ப்பவர்களுக்கு இளம் உயிரின் தற்கொலை பழகிய ஒன்றல்ல. ‘அறிகுறியைத் தவறவிட்டோமோ’ என்ற கேள்வியும் அவர்களைக் குடையும். அப்படியானால் பொறுப்பை விசாரிக்க வேண்டாமா? விசாரிக்கலாம், விசாரணை வேறு, ஆறுதல் வேறு. மனம் நொறுங்கியவர் அடுத்த மாணவரின் தவிப்பைக் காணத் தவறக்கூடும். எனவே மாற்றுப் பணியாளர், விடுப்பு, ரகசியம் காக்கும் மனநல ஆலோசனை ஆகியவற்றைக் கல்லூரிகள் முன்கூட்டியே திட்டமிட்டு வைக்க வேண்டும். இதைச் சலுகையாகக் கருதும் நிர்வாகம், மற்ற மாணவர்களின் பாதுகாப்பையும் பலவீனமாக்குகிறது.