அலையுச்சியும் ஆலோசனையும்

விவேகம் என்னும் சொல்லை நம்மவர் பெரும்பாலும் 'பொறுத்திரு' என்னும் பொருளிலேயே வழங்கி வருகின்றனர். விவேகி என்றால் அவசரப்படாதவர். ஒன்றுக்கு நான்கு முறை யோசிப்பவர். கடைசியில் பல வேளைகளில் எதையும் செய்யாதவர். விவேகம், நீதி, திடன், மட்டசனம் என்று தலையான புண்ணியங்கள் நான்கையும் ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்த தலைமுறையினர் நாம். அந்நான்கிலும் முதலிடம் பெற்றது, காரியத்தில் இறங்காமல் இருப்பதற்குரிய சாக்காக எவ்வாறு மாறிற்று? இவ்வினாவை நூலகத்தில் அமர்ந்து ஆராய்வதினும் கடற்கரையில் நின்று ஆராய்வது பயனுடையதென்று நமக்குத் தோன்றுகிறது.

சென்னைக்குத் தெற்கே, கார்மேல் அன்னையின் ஆலயம் நிற்கும் கோவளத்தில், மீனவ இளைஞர் பலர் இன்று அலைச்சறுக்கு பயில்கின்றனர். அவ்வூர் மீனவரான மூர்த்தி மேகவன் அங்கே இக்கலைக்கென ஒரு பள்ளியையே உருவாக்கினார். 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய அளவிலான போட்டியே நடந்தேறியது. இதைப் பணக்காரர் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவோர் உண்டு. பசிபிக் தீவுகளில் இது தோன்றியபோதும் கடலையே நம்பி வாழ்ந்த மக்களின் கலையாகத்தான் தோன்றியது என்பதை அவர்கள் நினைவில் கொள்வது நல்லது. ஹவாய் தீவுக்குச் சென்ற 19-ஆம் நூற்றாண்டு மறைபோதகர் சிலர் இதை வீண்பொழுது என்று கருதி முகம் சுளித்தனர். அவர்களுள் ஒருவரேனும் அலைமேல் ஏறிப் பார்த்திருந்தால் ஒழுக்கவியலுக்குச் சில நல்ல உவமைகள் கிடைத்திருக்கும்.

பலகைகளில் நீளமானதை லாங் போர்டு என்பர். 9 அடியோ அதற்கு மேலோ நீளமுள்ளது, மிதவை மிகுந்தது. அதன் மீது குப்புறப் படுத்துக் கைகளால் துழாவினால், அலை முழுதாக எழும்புமுன்பே அதன் வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். சாய்வான, சோம்பலான அலைகளில் இது பெருவரம். செங்குத்தான அலையிலோ அதே நீளம் பகையாகிவிடும். ஆழ்கடலிலிருந்து வரும் அலை, அடித்தரை மேடாக மேடாக வேகம் குறைந்து உயரும். தன் உயரத்தைப் போல ஏறத்தாழ 1.3 மடங்கு ஆழமே எஞ்சும்போது அது உடையும். தரை மெல்லச் சரிந்தால் அலை நுரைத்து வழியும். தரை திடீரென்று உயர்ந்தால் சுவராக நிமிர்ந்து குப்புறக் கவிழும். அத்தகைய சுவரின் மேல்விளிம்பில் நீண்ட பலகையின் மூக்கு நேராகக் கீழ்நோக்கினால், அது நீரில் குத்தி நின்றுவிடும். பின்னாலிருந்து அலை ஆளைத் தூக்கி முன்னே எறியும்.

இதைத் தவிர்க்கும் வழிகளைப் பயிற்றுநர் எவரும் சொல்வர். அலை செங்குத்தாகுமுன்பே ஏறுவதற்கு ஏற்ற இடத்தில் காத்திருக்க வேண்டும். நேர்கீழே பாயாமல், உடையாத பக்கம் நோக்கிப் பலகையைச் சற்றே சாய்த்து இறங்க வேண்டும். நெஞ்சை நிமிர்த்தி, எடையைப் பின்னுக்குத் தள்ளி, மூக்கு மேலெழ விட வேண்டும். கண்கள் பலகையின் முனையைப் பாராமல் செல்லும் திசையைப் பார்க்க வேண்டும். இவையெல்லாம் கற்றுக்கொள்ளத் தக்கவை. ஆனால் அவர்கள் எல்லாவற்றிலும் அழுத்திச் சொல்வது வேறொன்று: அலை பலகையைப் பிடித்த பிறகு, 'வேண்டாமோ' என்று ஒரு நொடி நின்றால் அதுவே ஆபத்து. இரண்டு முறை கூடுதலாகத் துழாவி எழுந்து நின்றவன் பெரும்பாலும் இறங்கிவிடுகிறான். விளிம்பில் தயங்கியவன்தான் அலையோடு சேர்ந்து தலைகீழாக விழுகிறான். விலகுவதாயின் அலை வந்து பிடிப்பதற்கு முன்பே விலகலாம். அதில் இழிவு எதுவுமில்லை. அடுத்த அலை வரும்.

இங்கேதான் நம் வினா கூர்மையடைகிறது. ஆய்ந்து செய் என்பது அறம் என்றால், ஆய்தலே கேடாகும் கணம் ஒன்று இருக்க முடியுமா?

13-ஆம் நூற்றாண்டில் அக்குவினா தோமையார் தமது 'இறையியல் தொகுப்பு' நூலில் விவேகத்தின் செயல்களை மூன்றாகப் பகுத்தார்: ஆலோசித்தல், தீர்ப்பிடுதல், கட்டளையிடுதல். அம்மூன்றிலும் தலைமையானது மூன்றாவதே என்பது அவருடைய துணிபு. ஆலோசனையோடு நின்றுவிடுபவன் விவேகி அல்லன். செய் என்று தனக்குத்தானே ஆணையிடத் தெரிந்தவனே விவேகி. குருமடத்தில் இப்பகுதியைத் தேர்வுக்காகப் படித்தவர் பலர். படித்த வேகத்திலேயே மறந்தவரும் பலர். ஆலோசிக்கும்போது காலம் எடுத்துக்கொள்ளலாம், முடிவுக்கு வந்தபின் காலம் கடத்தலாகாது என்பது அரிஸ்டாட்டில் காலந்தொட்டு வழங்கிவரும் கருத்துதான். தோமையார் அதை இன்னும் ஓர் அடி முன்னே கொண்டுசென்றார்.

விவேகத்திற்கு எதிரான குற்றங்களில் ஒன்றாக அவர் எண்ணுவது, பள்ளத்தில் விழுவதைப் போன்ற அவசரம். அதற்கு அவர் கையாளும் உவமை வியப்பூட்டுவது. உயரத்திலிருந்து கீழே வருபவன் படிகளில் இறங்கி வரலாம். படிகளை மிதிக்காமல் விழவும் செய்யலாம். அறிவு உச்சி, உடலால் செய்யும் செயல் அடித்தளம். நடந்ததை நினைவில் வைத்தல், நடப்பதை உணர்தல், வரப்போவதை முன்கூட்டி நோக்குதல், ஒன்றோடொன்று ஒப்பிட்டு எண்ணுதல், பெரியோர் சொல்லுக்குச் செவிசாய்த்தல் ஆகியவை இடைப்பட்ட படிகள். இவற்றைத் தாண்டிக் குதிப்பவன் அவசரக்காரன். அதே வரிசையில் வேறொரு குற்றத்தையும் அவர் வைக்கிறார்: ஆய்ந்து நல்லதென்று முடிவு செய்ததைக் கட்டளையிடாமல் பின்வாங்கும் நிலையின்மை. அவசரமும் நிலையின்மையும் அவர் பார்வையில் எதிரெதிர்த் துருவங்கள் அல்ல. ஒரே புண்ணியத்திற்கு நேரும் இரு ஊனங்கள்.

கோவளத்து இளைஞன் கண்ணிமைக்கும் நேரத்தில் இறங்குகிறானே, அவன் படிகளைத் தாண்டியவனா? அல்லன். நேற்று விழுந்த நினைவு அவனிடம் உண்டு. இன்று காற்று எத்திசையென்று பார்த்த பிறகே நீரில் இறங்கினான். அரைமணி நேரம் அமர்ந்து அலைகள் எங்கே உடைகின்றன என்று கணக்கிட்டான். மூத்தவன் சொன்னதைக் கேட்டான். படிகள் அனைத்தையும் அவன் முன்னதாகவே மிதித்துவிட்டான்; அலையுச்சியில் எஞ்சியிருப்பது கட்டளை ஒன்றுதான். வேகம் வேறு, அவசரம் வேறு. வள்ளுவரும் 47-ஆம் அதிகாரத்தில் தெரிந்து செயல்வகையைக் கூறி, அடுத்தடுத்து வலி, காலம், இடம் ஆகியவற்றை அறிதலை மூன்று அதிகாரங்களாக வைத்தார். வினைத்திட்பத்திற்குத் தனியே 67-ஆம் அதிகாரத்தை ஒதுக்கினார். முன்னவை மட்டும் போதுமென்று அவர் கருதியிருந்தால் பின்னதற்குத் தேவை ஏற்பட்டிராது. திரைப்படக் கதாநாயகன் மாடியிலிருந்து குதிப்பதைத் துணிவென்று கைதட்டும் நம் பிள்ளைகளுக்கு இவ்வேறுபாட்டைச் சொல்லித்தர ஆளில்லை என்பது நம் மனக்குறை.

இனி நம் பக்கத்துக் கடலுக்கு வருவோம். நாம் பணியாற்றும் மாதவரத்தில் கடல் இல்லை. பால் பண்ணையும் ரெட்டேரியும் சரக்கு லாரிகளின் வரிசையும் உண்டு. ஆயினும் இராயபுரத்திலும் காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் உறவுள்ள குடும்பங்கள் இங்கே பல. அவர்களுடைய பாட்டனார்களுக்கு அலையில் இறங்குவதை எவரும் விளையாட்டாகக் கற்பிக்கவில்லை. துறைமுகம் எழுமுன் சென்னையில் கப்பல்கள் கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில்தான் ஆளும் சரக்கும் கரை சேர்ந்தன. பலகை விறைப்பாக இருந்தால் அலை உடைத்துவிடும். தையல் நெகிழ்ந்து கொடுத்ததால் படகு பிழைத்தது. கட்டுமரமோ இன்னும் எளியது: கட்டைகளைச் சேர்த்துக் கட்டியது, நீர் இடுக்குகளில் வடிந்துவிடும், கவிழ்ந்தாலும் நிமிர்த்திக்கொள்ளலாம். பெரிய அலைகள் கூட்டமாக வந்து ஓய்ந்த இடைவெளியைக் கணித்துத் தள்ளிக்கொண்டு போவார்கள். திரும்பும்போது அலையின் முதுகிலேயே ஏறி, துடுப்பைப் பின்னால் ஊன்றித் திசை பிறழாமல் கரைக்கு வருவார்கள். லாங் போர்டில் செங்குத்து அலையிறங்கும் கலைக்கும் இதற்கும் உறவு நெருக்கமானது.

1875-இல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினர், 1881-இல் புயல் வந்து கட்டியதைச் சிதைத்தது, மீண்டும் கட்டினர். வடக்கு நோக்கி நகரும் கடல்மணலை அந்தச் சுவர் தடுத்ததால் தெற்கே மெரினா விரிந்தது. வடக்கே கரை கரைந்தது. கரையைக் காக்கப் பாறைகளைக் கொட்டினர். இன்று அப்பக்கத்தின் பெரும்பகுதியில் அலை உடைவது மணலில் அன்று, கல்லில். ஏறத்தாழ 50 கிலோமீட்டர் கடந்து கோவளத்துக்குப் போனால்தான் ஒரு வடசென்னைச் சிறுவன் விழுந்து விழுந்து கற்க முடியும். கல்லின்மீது விழுந்து எவரும் கற்பதில்லை.

இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. 'அடுத்த அலை வரும், காத்திரு' என்னும் அறிவுரை, அடுத்த அலை உறுதியாக வரும் என்பவர்க்கே பொருந்தும். வட்டிக்கு வாங்கியவன் காற்று கெட்ட நாளிலும் கடலுக்குப் போகிறான். ஒப்பந்தத் தொழிலாளி பாதுகாப்பற்ற தொட்டிக்குள் இறங்குகிறான். மறுத்தால் நாளை அழைப்பு வராது. இவர்களை அவசரக்காரர் என்று பிரசங்க மேடையிலிருந்து கடிந்துகொள்வது எளிது, நியாயமன்று. அவர்களுடைய படிகளை வேறு எவரோ பெயர்த்து எடுத்துவிட்டனர். படிகளைத் திரும்பக் கட்டித் தருவது நீதியின் பணி. நீதியில்லாத இடத்தில் விவேகம் வசதியுள்ளவர்களின் புண்ணியமாகச் சுருங்கிவிடுகிறது என்பது நம் கருத்து.

2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண்ணெரிந்து மூச்சுத் திணறி விழித்த மக்கள், கிழவரையும் குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினர். அவர்களுக்கு ஆலோசனைக்கு நேரம் இருந்ததா? இல்லை. 2004-இல் அதே தேதியில் வந்த ஆழிப்பேரலையின் நினைவு அக்கரையில் இன்னும் ஆறவில்லை. நினைவு என்பது தோமையாரின் முதற்படி. அந்த இரவில் அதுதான் பல வீடுகளின் கதவைத் திறந்தது என்று எண்ணத் தோன்றுகிறது. உயிர் பிழைத்தவர்கள் ஊர்ப்பந்தலில் பல நாள் அமர்ந்து போராடியபோது, 'விசாரணை முடியட்டும், பொறுமையாக இருங்கள்' என்றும் குரல்கள் எழுந்தன. அலை பலகையைப் பிடித்த பின்னரும் ஆலோசனை கூறும் குரல்கள் அவை.

அண்மையில் திருவொற்றியூரிலிருந்து ஒரு தாய் நம்மைத் தேடி வந்தார். மகன் ஞாயிறுதோறும் கோவளம் போய்விடுகிறான், பூசைக்கும் வருவதில்லை, கடல் அவன் தந்தையை ஏற்கெனவே கொண்டுபோய்விட்டது, சாமிதான் அவனைத் தடுக்க வேண்டும் என்றார். தடுப்பதாக நாம் வாக்களிக்கவில்லை. பூசையைப் பற்றி அவனிடம் பேசுவதாகச் சொன்னோம். பிறகு, "அம்மா, கற்றுத்தருபவர் 'இன்றைக்கு வேண்டாம்' என்று சொன்ன நாளில் அவன் திரும்பி வந்திருக்கிறானா?" என்று கேட்டோம். சற்று யோசித்தார்.

"ரெண்டு வாட்டி வந்திருக்கான் சாமி. பலகைய நனைக்காமலே வந்துட்டேன்னு சொன்னான். அவங்க அப்பா ஒரு நாளும் அப்படித் திரும்பினதில்லை."