திரை

தருமபுரியில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கூட்டுறவுப் பண்டகசாலையில் கணக்கு எழுதுகிறார். ஒரு காசு குறைந்தாலும் இரவெல்லாம் விழித்திருந்து அதைக் கண்டுபிடித்த பிறகுதான் படுப்பார். சென்ற மாதம் அவர் வீட்டில் இரண்டு நாள் தங்கினேன். முதல் நாள் இரவு, சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபோது, எந்தக் கணக்கிலும் அடங்காத ஒரு சங்கடத்தை என் முன்னால் வைத்தார்.

அவர் மகளுக்கு வரன் நிச்சயமாகியிருக்கிறது. படித்த பெண், கெட்டிக்காரி. பதினாறு வயதில் வந்த முகப்பருக்கள் இரண்டு கன்னத்திலும் குழிகளை விட்டுவிட்டுப் போயிருந்தன. வீட்டில் யாரும் அதை ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளையின் அத்தை, "பெண் லட்சணந்தான், முகத்தில் மட்டும்..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டாளாம். முடித்திருந்தால் மறந்திருக்கலாம். பாதியில் நின்ற வாக்கியம் தாயாரின் நெஞ்சில் போய்த் தைத்துவிட்டது. மறு வாரமே பெண்ணைச் சேலத்தில் ஒரு தோல் மருத்துவரிடம் அழைத்துப் போனாள். ஊசி போட்டால் குழிகள் ஓரளவு நிரம்பும், மூன்று நான்கு தடவை வரவேண்டும் என்றாராம் அவர்.

இந்த ஊசியைப் பற்றி வாசகர்களில் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். அவரவர் இரத்தந்தான் மருந்து. கையிலிருந்து கொஞ்சம் இரத்தம் எடுத்து, ஒரு யந்திரத்தில் வைத்து வேகமாகச் சுழற்றுகிறார்கள். சிவப்பணுக்கள் அடியில் தங்கிவிட, மேலே இளமஞ்சளாக ஒரு நீர் தெளிந்து நிற்கிறது. காயம் பட்டால் இரத்தத்தை உறையச் செய்து, புண் ஆறும் வேலையைத் தொடங்கி வைக்கிற தட்டணுக்கள் அதில் மிகுதி. அதை மெல்லிய ஊசியால் கன்னத்தில் செலுத்தினால், தோல் தனக்கு அடிபட்டதாக எண்ணிக்கொண்டு புது இழைகளை நெய்யத் தொடங்குகிறதாம். சால்மன் மீனின் விந்திலிருந்து எடுத்த பொருளைச் செலுத்துகிற முறையும் உண்டு. 1934-இல் மாட்டின் கண்ணிலிருந்து முதன்முதலாகப் பிரித்தெடுத்த ஹயலுரானிக் அமிலத்தைச் செலுத்துவதும் உண்டு. பலன் எவ்வளவு என்பதில் மருத்துவர்களே ஒரே குரலில் பேசுவதில்லை. கண்ட இடத்தில் போட்டுக்கொண்டால் உயிருக்கே உலை வைக்கும். அமெரிக்காவில் ஆல்புகர்க்கி நகரத்தில், உரிமமில்லாத ஓர் அழகு நிலையத்தில் இந்த இரத்த ஊசி போட்டுக்கொண்ட பெண்கள் மூவருக்கு எச்.ஐ.வி. தொற்றியது. அந்த நிலையம் 2018-இல் மூடப்பட்டது. அரசாங்க அறிக்கை 2024-இல் வெளிவந்தது. ஆனால் சேலத்து மருத்துவர் முறையாகப் படித்தவர். நண்பருக்கு அந்தப் பயம் இல்லை.

"அவர்களிடம் சொல்லாமல் செய்யலாமா? அதுதான் என் கேள்வி. குறையை மறைத்துப் பெண் கொடுத்தான் என்ற பேர் எனக்கு வரக்கூடாது" என்றார்.

அவர் மனைவி உள்ளிருந்தே பேசினாள்: "அவர்கள் பார்த்த முகத்தைத்தானே சரிப்படுத்துகிறோம்? பார்த்துவிட்டதை எப்படி மறைக்க முடியும்? நீங்களே சொல்லுங்கள், தம்பி."

இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகவே பட்டது. காலையில் சொல்கிறேன் என்று தப்பித்துக்கொண்டேன்.

காலையில் தனியாகப் பஸ் ஏறி அதியமான்கோட்டைக்குப் போனேன். காலபைரவர் கோயிலுக்கு ஜனங்கள் போய்க்கொண்டிருந்தார்கள். தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் நினைவு எனக்கு. அவன் வெறும் கதை மனிதன் அல்லன்; திருக்கோவலூர்ப் பக்கத்து ஜம்பையில் 1981-இல் கண்டெடுத்த கல்வெட்டில் பெயர் இருக்கிறது. எட்டாத மலைப் பிளவில் விளைந்த நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்தான் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். புறநானூற்றில் ஔவை அதைப் பாடும்போது ஒரு நுட்பம் சொல்கிறாள்: கனியின் மகிமையை அவன் வெளியே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் வாங்கியிருக்க மாட்டாள். மறைத்ததெல்லாம் பொய் என்று நண்பர் கணக்கு எழுதினால் அதியமானையும் பொய்யர் பக்கத்தில் எழுத வேண்டிவரும். ஆனால் அந்த மறைப்பில் நஷ்டப்பட்டவன் மறைத்தவன்தான்.

இளமைக்கு ஆசைப்படுவதே இழிவு என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. சேலத்தை அடுத்த கஞ்சமலையில் ஒரு கதை சொல்வார்கள். குருவுக்குச் சோறு பொங்கிய கிழச் சீடன், கைக்குக் கிடைத்த குச்சியால் கிளற, சோறு கறுத்துவிட்டது. பயந்துபோய் அதைத் தானே தின்றான், தின்றவுடன் வாலிபனாகிவிட்டான். விஷயம் தெரிந்த குரு கோபிக்கவில்லை. அதைக் கக்கச் சொல்லித் தாமும் உண்டு இளமை பெற்றாராம்! முற்றும் துறந்த சித்தரே அந்தப் பாடு பட்டிருக்கும்போது, கன்னத்துக் குழியை நிரப்பிக்கொள்ள நினைக்கும் பெண்ணை யார் கடிந்துகொள்வது?

ஔவையின் பேரில் வழங்கும் இன்னொரு கதைதான் என்னை உறுத்தியது. பெண் கேட்டு வந்தவர்களிடமிருந்து தப்புவதற்காக அவள் பிள்ளையாரிடம் முதுமையை வரமாகக் கேட்டு வாங்கினாளாம். சங்கத்து ஔவை வேறு, இவள் வேறு என்பார்கள். இருக்கட்டும். எஸ். எஸ். வாசனின் 1953-ஆம் வருஷத்துப் படத்தில் கே. பி. சுந்தராம்பாள் கோலூன்றி நடந்து வந்த பிறகு நமக்கு ஔவை என்றால் கிழவிதான். பக்தியோடு கேட்டுவிட்டுப் போகிறோம். கதையிலுள்ள கசப்பு நாக்கில் படுவதில்லை. ஒரு பெண் தன் மனம்போல் ஊர் ஊராய்ப் போய்ப் பாடுவதற்கு முகத்தில் திரை விழ வேண்டியிருந்தது. திரை என்றால் தோலின் சுருக்கம். மறைக்கிற சீலைக்கும் அதே பெயர். கல்யாணம் வேண்டாதவள் சுருக்கம் கேட்டாள். வேண்டுகிறவள் வழவழப்புக் கேட்கிறாள். இருவரும் அஞ்சியது ஒரே கண்களுக்குத்தான். அந்தக் கண்கள் மாப்பிள்ளையின் முகத்தில் குழி எண்ணியதாக நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை.

சாயங்காலம் அந்தப் பெண்தான் காபி கொண்டுவந்தாள். டம்ளரை வைத்துவிட்டு நின்றாள்.

"மாமா, அப்பா உங்களிடம் நியாயம் கேட்டாராமே? நான் ஒன்று கேட்கட்டுமா? உங்கள் மீசைக்கு மை பூசுகிறீர்களே, யாரிடம் மறைக்க?"

எனக்கு நாற்பத்தாறு வயது. முதல் நரை கண்ட நாளிலிருந்து பூசுகிறேன். "வாசகர்களிடம்" என்றேன். அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். ஆனால் பதில் சிரிப்புக்குரியதாக இல்லை. நாளைக்கே நான் மையை நிறுத்திவிடலாம்; யாரும் என்னைத் திருப்பி அனுப்பப் போவதில்லை. அவளுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது.

மனத்தில் பட்டதைச் சொன்னேன்: "உன் கண்ணுக்குப் பிடிக்கவில்லை என்றால் போட்டுக்கொள் அம்மா. அந்த அத்தையின் பாதி வாக்கியத்துக்குப் பதில் சொல்வதற்காக வேண்டாம். அப்படிப் போட்டுக்கொண்டால், வயது ஏற ஏற முகம் மாறும்போதெல்லாம் அவள் மிச்சப் பாதியைச் சொல்லிவிடுவாளோ என்று பயந்துகொண்டே இருப்பாய். போட்டுக்கொண்டால், கட்டிக்கொள்ளப் போகிறவனிடம் சொல்லிவிடு."

"நேற்றே போனில் சொல்லிவிட்டேன், மாமா."

"என்ன சொன்னார்?"

அவள் சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "பெங்களூரில் அவரும் இதே ஊசியைத் தலையில் மூன்று தடவை போட்டுக்கொண்டிருக்கிறாராம், முடி கொட்டுகிறதென்று. அவர் அம்மாவுக்குத் தெரியாதாம். யாரிடமும் சொல்லாதே என்றார்."

நண்பர் அன்று இரவும் தூங்கவில்லை. திண்ணையில் புரண்டுகொண்டிருந்தார். அவரிடம் சொல்லிவிடலாமா, கூடாதா என்று பக்கத்தில் நானும் விழித்துக்கொண்டு கிடந்தேன்.