மிச்சம் வைத்து ஓட்டியவர்

வேகம் என்றால் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பதுதான் என்று நினைப்பவர்களுக்கு 1907-ஆம் ஆண்டின் பிரெஞ்சு கிராண்ட் ப்ரீயைச் சொல்ல வேண்டும். டியெப் நகரை ஒட்டிய 77 கிலோமீட்டர் சாலையில் பத்துச் சுற்று. நூறு கிலோமீட்டருக்கு 30 லிட்டர் பெட்ரோல்தான், அதற்கு மேல் ஒரு சொட்டும் கிடையாது. மணிக்குச் சராசரியாக 113 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி முதலில் வந்தார் டூரின்காரர் ஃபெலிசே நசாரோ. அவருடைய ஃபியட்டின் டாங்கில் அப்போதும் பெட்ரோல் மிச்சம் இருந்தது. அதே ஆண்டில் டார்கா ஃப்ளோரியோ, கைசர் கோப்பை ஆகிய பந்தயங்கள் இரண்டும் அவருக்கே.

அவரோடு ஒரே பட்டறையில் தொழில் பழகியவர் வின்சென்சோ லான்சியா. பாய்ச்சல்காரர். தொடக்கச் சுற்றுகளில் எல்லோரையும் தூக்கிச் சாப்பிடுவார்; பல தடவை வண்டி பாதியில் படுத்துவிடும். இத்தனைக்கும் பின்னாளில் அருமையான கார்களை உருவாக்கிய மனிதர் அவர். இயந்திரத்தை அறிந்திருப்பது வேறு, அதன் வலியை உணர்வது வேறு போலும்.

நிதானம் நசாரோவைக் காத்தது என்று இதோடு முடித்திருக்கலாம். 1922 ஜூலையில் ஸ்ட்ராஸ்பூர்கில் நடந்தது விடமாட்டேன் என்கிறது.

அந்த ஆண்டின் பிரெஞ்சு கிராண்ட் ப்ரீ அது. 800 கிலோமீட்டர் போட்டி, ஃபியட் சார்பில் மூன்று வண்டிகள். முடியப் போகும் நேரத்தில் ஃபெலிசேயின் சகோதரர் மகன் பியாஜோ நசாரோவின் வண்டியில் பின் அச்சு முறிந்தது, அவர் இறந்தார். பியெத்ரோ போர்டினோவின் வண்டியிலும் அதே முறிவு, அவர் பிழைத்தார். நாற்பதைத் தாண்டிய ஃபெலிசே ஆறு மணி நேரத்துக்கு மேல் ஓட்டி, அடுத்தவரைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னதாக வந்து ஜெயித்தார். பிறகு வண்டியைப் பிரித்துப் பார்த்தார்கள். அவருடைய அச்சிலும் விரிசல் விட்டிருந்தது.

அந்தப் பக்குவமான கையாலும் விரிசலைத் தடுக்க முடியவில்லை. முறிவைச் சற்றுத் தள்ளிப் போட்டது அந்தக் கைதானா, இரும்பின் தயவா? யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. திறமை அவகாசம் வாங்கித் தரும். எவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்லாது. இதைத் தெரிந்துகொண்டும் பதறாமல் ஓட்டுகிறவனைத்தான் நான் பெரிய ஓட்டுநர் என்பேன்.

ஸ்ட்ராஸ்பூர்கில் தப்பிய போர்டினோ, 1928-இல் அலெசாண்ட்ரியாவில் பயிற்சி ஓட்டத்தின்போது ஒரு நாய் குறுக்கே வந்ததில் இறந்தார். நசாரோ இறந்தது 1940-இல், சொந்த ஊரான டூரினில், நோயில்.